நாலு டயரும் ஒரு அம்பும்

அத்தியாயம் 9

கண்டக்டருக்கு அந்தக் காரைப் பிடிக்கவில்லை. அதை ஓட்டிக்கொண்டிருந்தவனைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

இரண்டே கதவு வைத்த வண்டி. பின் சீட் என்று ஒன்று இருந்தது. அதில் மனிதர்கள் உட்காருவார்கள் என்று அதைச் செய்தவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை. முழங்கால் இரண்டும் முகவாயைத் தொட, மனுஷன் மடங்கிக் கிடந்தார். முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் சுற்றியவர். ஓய்வுக்குப் பிறகாவது உட்கார்ந்து போகலாம் என்றுதான் துப்பறியும் ஆபீஸில் உதவியாளாகச் சேர்ந்தார். சேர்ந்த பலன் இது.

முன் சீட்டில் சர்வேயர் அம்மா. விபத்தில் நொறுங்கிய வண்டிகளை இன்சூரன்சுக்காக இருபது வருஷம் பார்த்தவர். பொய் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மேலதிகாரி மேஜையில் பேனாவை வீசிவிட்டு வந்து, சொந்தமாக ஆபீஸ் போட்டவர். சிரிப்பு என்பது அவர் முகத்துக்கு எப்போதாவது வரும் விருந்தாளி.

வண்டியை ஓட்டியவன்தான் கேஸைக் கொண்டுவந்தவன். அண்ணன்காரன். திங்கட்கிழமை காலை மழையில் அவன் தம்பியின் கார் வழுக்கிக்கொண்டு போய் மேம்பாலச் சுவரில் மோதியது. இன்று வியாழன். தம்பிக்கு இன்னும் நினைவு வரவில்லை. நொறுங்கிய காரில் இருந்த நாலு டயரும் தேய்ந்து மொட்டை. ஆனால் வெள்ளிக்கிழமைதான் நாலு புது டயர் போட்டதாகக் கடை பில் இருந்தது. புதுசுக்குப் பில் போட்டுவிட்டு மொட்டையை மாட்டி அனுப்பிவிட்டார்கள் என்று அண்ணன்காரன் புகார் கொடுக்க, டயர்க்காரர் அன்று சாயங்காலமே உள்ளே போனார். இன்றைக்கு நாலு மணிக்கு அவருடைய ஜாமீன் மனு. அதைத் தடுக்க நிபுணர் ரிப்போர்ட் ஒன்று வேண்டும் என்று இவன் வக்கீல் சொல்லிவிட்டார். இப்போது மணி ரெண்டு.

"ரிப்போர்ட்ல என்ன எழுதணும்னு தெளிவா இருக்கு இல்ல?" என்றான் அண்ணன்காரன்.

"பார்த்ததை எழுதுவேன்."

"பில் இருக்கு. மொட்டை டயர் இருக்கு. இதுக்கு மேல பார்க்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லைன்னா என்னை ஏன் கூப்பிட்டீங்க?"

அவன் கியரை மாற்றினான். அதில் கோபம் தெரிந்தது.

வண்டி வேகம் எடுத்ததும் கீழேயிருந்து ஒரு ஊளைச் சத்தம் கிளம்பியது. கண்டக்டர் காதைத் தீட்டிக்கொண்டார். அவருக்குத் தெரியாத வண்டிச் சத்தம் கிடையாது.

"சார், ஏன் இது இப்படி அழுவுது?"

"ஸ்போர்ட்ஸ் கார். சத்தம் இருக்கத்தான் செய்யும்."

"இஞ்சின் சத்தம் முன்னாடி இருந்து வரும் சார். இது நான் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குக் கீழ இருந்து வருது. நான் பண்ணலை."

"உங்க ஆளைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்றீங்களா மேடம்?"

"ஆறு வருஷமா சொல்றேன்" என்றார் சர்வேயர் அம்மா. "உங்க வண்டியும் தம்பி வண்டியும் ஒரே மாடலா?"

"எங்கப்பா எதை வாங்கினாலும் ரெண்டா வாங்குவார். சைக்கிள் ரெண்டு, வாட்ச் ரெண்டு, கடைசியா ரெண்டு கார். நிறம் மட்டும் வேற. ஒருத்தன்கிட்ட ஒருத்தன் கை நீட்டக் கூடாதுன்னு அவர் கணக்கு." அவன் உதட்டைச் சுழித்தான். "என் தம்பிக்கு இந்த வண்டியோட அருமை தெரியாது. இதை எடுத்துக்கிட்டு தினம் ஆபீஸ் போறான். டயர் மாத்தணும்னு ஒரு மாசமா எதையாவது படிச்சுக்கிட்டே இருந்தான். கடைசில போய் டாக்சி டயர் வாங்கியிருக்கான்."

அப்போது ரோட்டில் தேங்கியிருந்த தண்ணீரில் வண்டி ஏறியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், தரை என்பதே இல்லாமல் போனது. ஸ்டியரிங் அவன் கையில் லேசாகச் சுழன்றது. பிறகு டயர் மறுபடி ரோட்டைப் பிடித்தது. கண்டக்டரின் உயிர் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போனது.

"படகு சவாரின்னு முதல்லயே சொல்லியிருக்கலாம் சார். நீச்சல் கத்துக்கிட்டு வந்திருப்பேன்."

சர்வேயர் அம்மா ஜன்னலுக்கு வெளியே, முன் சக்கரம் அடித்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டயர்க்கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. காரிலிருந்து இறங்குவதற்குள் கண்டக்டர் தன் உடம்பைத் தவணை முறையில் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. கடைசித் தவணையில் குடை நழுவிக் காருக்கடியில் உருண்டது. திட்டிக்கொண்டே குனிந்தவருக்கு டயர் கண்ணில் பட்டது. புத்தம் புது டயர். ரப்பர் முடிகள்கூட இன்னும் தேயவில்லை. பக்கவாட்டில் ஒரு பெரிய அம்பு.

"மேடம், இந்த டயர்ல அம்பு போட்டு வழி காட்டியிருக்கான். ஆனா நாம போற வழியைக் காட்டலை, வந்த வழியைக் காட்டுது. பேசாம திரும்பிடுவோமா?"

சர்வேயர் அம்மா அம்பை ஒரு தடவை பார்த்தார். பிறகு சுற்றிப் போய் மறுபக்கச் சக்கரத்தைப் பார்த்தார். அண்ணன்காரன் செல்போனில் வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தான்.

"வாயை மூடிக்கிட்டு உள்ள வாங்க, கண்டக்டரே."

தினம் நாலு தடவை கேட்கிற வசனம்தான். ஆனால் இந்தத் தடவை அம்மாவின் குரல் தணிந்திருந்தது. எதையோ பிடித்துவிட்டார் என்று கண்டக்டருக்குப் புரிந்தது. எதை என்று புரியவில்லை.

உள்ளே ரப்பர் வாடை மூக்கைத் துளைத்தது. டயர்க்காரரின் மனைவி தரையில் உட்கார்ந்து, டப்பாவில் கலந்து கிடந்த வீல் நட்டுகளை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். நாலு நாளாகத் தூங்காத கண்கள். வாசலில் நின்றவனைப் பார்த்ததும் அவர் கையில் ஸ்பேனர் ஏறியது.

"அந்த ஆள் என் கடைக்குள்ள கால் வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டார்" என்றார் சர்வேயர் அம்மா.

"நீங்க அவர் ஆள்தானே? ரிப்போர்ட் எழுத வந்தவங்கதானே? எழுதிக்குங்க. எங்க வீட்டுக்காரர் திருடர், நான் திருடி, இந்த ஷட்டர் திருட்டு ஷட்டர். கிளம்புங்க."

கண்டக்டர் நிலைமையைச் சுமுகமாக்கலாம் என்று, மூலையில் பிளாஸ்டிக் தாள் சுற்றி அடுக்கி வைத்திருந்த நாலு டயர் மேல் நாசூக்காக உட்கார்ந்தார்.

"யோவ், அது ஆர்டர் சரக்கு. எந்திரி."

எழுந்தார். இன்றைக்கு உட்காரும் யோகமே இல்லை.

"வெள்ளிக்கிழமை என்ன நடந்துச்சு?" என்று கேட்டார் சர்வேயர் அம்மா.

"போலீஸ்ல சொன்னேன். அவங்களே எழுதிக்கலை. நீங்க எழுதிக்கப் போறீங்களாக்கும்."

"நான் எழுதிக்க வரலை. கேட்க வந்திருக்கேன். நாலு மணிக்கு உங்க வீட்டுக்காரரைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வருவாங்க. அதுவரைக்கும் என்னைத் திட்டறதா இருந்தாலும் சரி, சொல்றதா இருந்தாலும் சரி. நேரம் உங்களோடது."

அந்த அம்மாள் ஸ்பேனரைக் கீழே வைக்காமலேயே பேசினார்.

"அந்தத் தம்பி ரெண்டு மணி நேரம் இங்க நின்னார். வீடு வாங்கறவங்ககூட அவ்வளவு கேள்வி கேட்க மாட்டாங்க. இந்த மாதிரி வண்டிக்கு எல்லாரும் ரேஸ் டயர்தான் கேட்பாங்க. அகலமா, வழவழன்னு, பார்க்கப் பந்தாவா இருக்கும். காஞ்ச ரோட்டுல நல்லா ஒட்டும். மழை வந்தா தண்ணி போக வழி இருக்காது. ரப்பரும் மெத்துன்னு இருக்கிறதால, தினம் ஓட்டினா ஒண்ணரை வருஷத்துல மொட்டை. அதைத்தான் முதல்ல எடுத்துக் காட்டினேன். 'வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ், ஒரு நாள் மாமனார் வீடு. இதுல நான் எங்கக்கா ரேஸ் ஓட்டறது'ன்னு கேட்டார்."

"நியாயமான மனுஷன்" என்றார் கண்டக்டர்.

"சத்தம் வருமா, எத்தனை கிலோமீட்டர் வரும், ஈர ரோட்டுல பிரேக் அடிச்சா எங்க நிக்கும்னு கேட்டுக் கேட்டு, கடைசில மழை டயரை எடுத்தார். நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் சாய்வா வாய்க்கால் வெட்டியிருக்கும். தண்ணியை அள்ளி வெளிய தள்ளிடும். அதை ஒரு பக்கமாத்தான் சுத்த விடணும். மாத்தி மாட்டினா தண்ணியை உள்ள இழுக்கும், வண்டி மிதக்கும், சத்தமும் வரும். எந்தப் பக்கம் சுத்தணும்னு அம்பு போட்டிருப்பாங்க."

அம்பு. ஊளை. படகு. மூன்றையும் கண்டக்டர் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்துவிட்டு வந்திருக்கிறார். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை.

"பில்லுல டயருக்குப் பக்கத்துல நாலு நாலு எண்ணா எழுதியிருக்கீங்களே, அது என்ன?"

"டயர் செஞ்ச வாரமும் வருஷமும். டயர்லயே அச்சடிச்சிருக்கும். பழைய சரக்கைத் தள்ளிவிட்டுடுவோமோன்னு அந்தத் தம்பிக்குச் சந்தேகம். ஒவ்வொண்ணா குனிஞ்சு பார்த்து, பில்லுல எழுதித் தாங்கன்னார். எழுதிக் குடுத்தேன். அந்தப் பில்லைக் காட்டித்தான் எங்க வீட்டுக்காரரை உள்ள வச்சிருக்காங்க." குரல் உடைந்தது. உடைந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தவர் போல, நட்டு டப்பாவைக் காலால் ஒரு தள்ளு தள்ளினார்.

சர்வேயர் அம்மா வெளியே போனார். தூறல் இன்னும் விடவில்லை.

"முடிஞ்சுதா? அவ சொல்ற கதையெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க" என்றான் அண்ணன்காரன்.

"பில் காப்பியைக் குடுங்க."

ஆவலோடு எடுத்துக் கொடுத்தான். நாலு நாளாக அவனுடைய ஆயுதம் அதுதான்.

"இந்த எண் எல்லாம் என்னன்னு தெரியுமா?"

"ஸ்டாக் நம்பர். ஏதோ ஒண்ணு. அதுக்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம்?"

"கண்டக்டரே, படுங்க."

"எங்க மேடம்?"

"தரையில. இந்த வண்டிக்குக் கீழ. டயர்ல ஒரு சின்ன வட்டத்துக்குள்ள நாலு எண் இருக்கும். வெளிப்பக்கம் இல்லைன்னா உள்பக்கம் இருக்கும். சத்தமாப் படிங்க."

அண்ணன்காரன் ஓரடி முன்னால் வந்தான். "எதுக்கு என் வண்டியை...?"

"நிபுணர் ரிப்போர்ட் கேட்டீங்க இல்ல? எழுதிக்கிட்டு இருக்கேன்."

கண்டக்டர் படுத்தார். சட்டை நனைந்தது, முதுகில் கல் குத்தியது. இத்தனை வருஷம் டிக்கெட் நம்பர் பார்த்த கண்ணுக்கு இது பெரிய வேலையில்லை.

"முன் சக்கரம், இருபத்திரண்டு இருபத்தஞ்சு."

சர்வேயர் அம்மா பில்லைப் பார்த்தார். "அடுத்தது."

"இருபத்திரண்டு இருபத்தஞ்சு."

ஷட்டருக்கு அடியில் குனிந்து டயர்க்காரர் மனைவி வெளியே வந்தார்.

"அடுத்தது."

"இதுவும் இருபத்திரண்டு இருபத்தஞ்சு. இருங்க, கடைசிது மாறுது. பதினேழு இருபத்தஞ்சு."

"மூணு இருபத்திரண்டாவது வாரம், ஒண்ணு மட்டும் பதினேழாவது வாரம்" என்றார் சர்வேயர் அம்மா. பில்லைத் திருப்பி அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "பில்லுலயும் இதே மூணும் ஒண்ணும்தான் இருக்கு. தம்பிக்கு இவங்க வித்த டயர் உங்க வண்டியில ஓடுது. தேடி வந்த பொருள் மேலயே எங்களை உட்கார வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

"அந்த வாரம் ஆயிரம் டயர் செஞ்சிருப்பான். நானும் வாங்கினேன். வேற கடையில."

"எந்தக் கடை?"

"ஞாபகம் இல்லை."

"அது நல்ல கடை இல்லை. நாலு டயரையும் மாத்தி மாட்டியிருக்கான். நாலு அம்பும் பின்னாடி காட்டுது. ஒரு டயர்க்கடையில இந்தத் தப்பு நடக்காது." அவர் தன் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினார். "உங்க வீட்டுல ரெண்டு வண்டியும் இப்படித்தானே நிக்கும்? நடுவுல ஒரு சந்து. உங்க வண்டியோட வலப்பக்கமும் தம்பி வண்டியோட இடப்பக்கமும் அந்தச் சந்துலதான் எதிரெதிரா இருக்கும். ஜாக்கி போட்டு, எதிர்ல இருந்ததை அப்படியே இங்கயும் அங்கயுமா மாத்திட்டீங்க. அப்புறம் வெளிப்பக்கமும் அப்படியே. இடது டயர் வலது பக்கம் வந்திருச்சு, வலது டயர் இடது பக்கம் போயிருச்சு. நொறுங்கின வண்டியில இருக்கிற உங்க பழைய ரேஸ் டயர்ல அம்பு கிடையாது, அதனால உங்களுக்குத் தெரியலை. டயர்னா கருப்பா உருண்டையா இருந்தா போதும்னு நினைச்சீங்க."

"மரியாதையாப் பேசுங்க. நான் கூப்பிட்டு வந்தவங்க நீங்க. ரிப்போர்ட் எனக்குத்தான் எழுதணும்."

"ரிப்போர்ட் வண்டிக்கு. எப்பவும் வண்டிக்குத்தான்."

அவன் காரை நோக்கித் திரும்பினான். கதவுக்கு முன்னால் கண்டக்டர் சேறும் சகதியுமாக நின்றுகொண்டிருந்தார். "இறங்கற ஸ்டாப் இதுதான் சார்" என்றார்.

அண்ணன்காரன் அங்கேயே, நனைந்த பானெட் மேல் கையை ஊன்றிக்கொண்டான்.

"ஒரே நாளுக்குத்தான்" என்றான். "ஞாயித்துக்கிழமை எங்க கார் கிளப்புல எல்லாரும் மலைப்பாதையில போறதா இருந்துச்சு. என் டயர் மொட்டை. அவனுதைச் சனிக்கிழமை மத்தியானம் மாத்திக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்ப மாட்டிடலாம்னுதான் இருந்தேன். முதுகு பிடிச்சுக்கிச்சு. நாளைக்கு மாட்டிக்கலாம்னு..."

"திங்கட்கிழமை காலைல தம்பி கிளம்பறப்போ எங்க இருந்தீங்க?"

"பால்கனியில."

"மழை?"

"பெய்ஞ்சுது."

"கூப்பிடலையா?"

அவன் தரையைப் பார்த்தான். "மெதுவாத்தானே போவான்னு நினைச்சேன். சொன்னா அவன் கேவலமாப் பேசுவான். அவன் வண்டியில கை வச்சதுக்கு."

கண்டக்டரிடம் அதற்கு ஒரு ஜோக்கும் இல்லை. அவர் முப்பது வருஷத்தில் குடிகாரர்களைப் பார்த்திருக்கிறார், ஜேப்படிக்காரர்களைப் பார்த்திருக்கிறார். மாடியில் நின்று தம்பியை வழியனுப்பிவிட்டு, சாயங்காலமே போலீசுக்குப் போய் இன்னொருத்தர் தலையில் கட்டிய ஆளைப் பார்த்ததில்லை. கை துறுதுறுத்தது. ஈரச் சட்டையின் பைக்குள் கையை விட்டுக்கொண்டார்.

சர்வேயர் அம்மா செல்போனை எடுத்து டயர்க்காரரின் வக்கீலைக் கூப்பிட்டார். "நாலு மணிக்கு நானே வரேன். வண்டியை இங்கயே நிறுத்தி வச்சிருக்கேன், போலீசை அனுப்பச் சொல்லுங்க. டயரை யாரும் தொடக் கூடாது" என்றார். பேசிக்கொண்டே அண்ணன்காரனிடம் கையை நீட்டினார். அவன் சாவியைக் கொடுத்தான்.

ஸ்பேனர் இனி அவன் மண்டையில்தான் இறங்கும் என்று கண்டக்டர் எதிர்பார்த்தார். தடுக்கிற எண்ணம் அவருக்குப் பெரிதாக இல்லை. ஆனால் டயர்க்காரர் மனைவி கடைக்குள் போனார். கண்டக்டரை எழுப்பிவிட்ட அந்த நாலு டயர் அடுக்கிலிருந்து ஒரு அட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்தார்.

"வெள்ளிக்கிழமை உங்க தம்பி எட்டு டயர் கேட்டார். எங்ககிட்ட நாலுதான் இருந்துச்சு. மீதி நாலு செவ்வாய்க்கிழமை வந்து இறங்கிச்சு. வெள்ளிக்கிழமையே அவர் எழுதிக் குடுத்த அட்டை இது. எனக்குப் படிக்கப் பிடிக்கலை. நீங்களே படிங்க."

அவன் படித்தான். கண்டக்டர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். தம்பியின் கையெழுத்து, அவசரமில்லாத சின்னச் சின்ன எழுத்து.

'அண்ணன் வண்டிக்கு. முன்னாடியே சொல்ல வேண்டாம் அக்கா, டாக்சி டயர்னு திட்டுவான். நான் எப்படியாவது வண்டியை எடுத்துட்டு வரேன். மழைக்கு முன்னாடி மாட்டிடணும்.'

அண்ணன்காரன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் அவன் வண்டி நம்பர் மட்டும் இருந்தது. மறுபடி முன்பக்கம் திருப்பினான். தூறலில் மை கரையத் தொடங்க, சட்டென்று அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

"அந்த டயரை..." என்றான்.

"அது உங்க தம்பி வாங்கினது" என்றார் டயர்க்காரர் மனைவி. "அவர் கண்ணு முழிச்சதும் நீங்களே போய்க் கேளுங்க. குடுக்கச் சொன்னார்னா, எங்க வீட்டுக்காரர் வந்து மாட்டித் தருவார்."

சொல்லிவிட்டு ஷட்டரைப் பூட்டினார். அண்ணன்காரனைக் காருக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு, மற்ற மூன்று பேரும் கோர்ட்டுக்குப் பஸ் பிடிக்க நடந்தார்கள்.